சிப்பாய்க்கு ஒரே கட்டம்

"பேர் இல்லாதவன் ஆட்டத்தை எல்லாம் தூக்கிரு பிள்ளை. குப்பை. மிஷினுக்கு மூச்சு முட்டுது."

ஞானதுரை அண்ணாச்சி இதைச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். ராயபுரம் எம்.சி. ரோட்டில் அவருக்கு ரெடிமேட் துணி மொத்த வியாபாரம். கீழே கடை, முதல் மாடியில் குடோன், அதற்கு மேல் அவர் மகள் மகிமாவுக்கு செஸ் ரூம். நாசரேத் பக்கத்திலிருந்து வந்து பனியன் மூட்டை சுமந்து மேலே வந்தவர். மகள் நேஷனல் ஆடுகிறாள். சரக்கு எங்கே மலிவு என்று விசாரிப்பதைப் போலவே, மகளோடு மோதப்போகிற பிள்ளைகளையும் விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார். அதற்குத்தான் அந்தக் கம்ப்யூட்டர். அதற்குத்தான் நான்.

பி.எஸ்சி. கணிதம். எங்கள் வீட்டில் காலேஜுக்குள் கால் வைத்த முதல் ஆள். வைத்து என்ன கிழித்தேன் என்று கேட்டால், எட்டாவது படிக்கிற பெண்ணுக்கு எதிரி தேடிக் கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

வேலை லேசு. ஊர் உலகத்தில் நடந்த போட்டிகளின் ஆட்டங்களை எல்லாம் ஒரு டேட்டாபேஸில் போட்டு சிடியில் விற்கிறார்கள். இலட்சக்கணக்கான ஆட்டங்கள். ஆளின் பெயரைப் போட்டுத் தேடலாம். பெயர் தெரியாவிட்டால், திரையில் இருக்கிற பலகையில் முதல் நாலைந்து நகர்த்தலை வைத்துக்காட்டி, இப்படி ஆரம்பித்த ஆட்டங்களை எல்லாம் கொண்டு வா என்று சொல்லலாம். அது சலித்துக்கொண்டு வந்து வரிசையாக நிறுத்தும். அதில் பெரிய ரேட்டிங் உள்ளவர்கள் ஆடியதை மட்டும் பொறுக்கி, பிரிண்ட் எடுத்து, கிளிப் போட்டு மகிமாவிடம் கொடுக்க வேண்டும்.

அண்ணாச்சி சொன்ன குப்பை என்னவென்றால், சில ஆட்டங்களில் ஒரு பக்கத்து ஆளுக்குப் பெயரே இருக்காது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என்.என். என்று இரண்டு எழுத்து நிற்கும். யாரோ ஒருவன் என்று அர்த்தம். பெரிய ஆள் ஜெயித்த ஆட்டத்தைப் பதிந்தவனுக்கு, தோற்றவன் பெயரைத் தட்டக் கை வரவில்லை. அவ்வளவு அலட்சியம்.

அன்றைக்கு அந்த என்.என்.களை வரிசையாக நிறுத்திவிட்டு, தூக்குவதற்குக் கையை வைத்தேன். கை போகவில்லை. இதற்குள் என் தம்பி இருந்தால்?

பகலவன் செத்து மூன்று வருஷம் ஆகிறது.

எங்கள் வீடு திருவொற்றியூரில், கடல் அரித்துவிடக் கூடாது என்று பாறாங்கல் கொட்டி வைத்திருக்கிற ரோட்டுக்குப் பின்னால். எங்கள் நைனா பக்தவச்சலம் ஹார்பரில் லோடு இறக்குகிறவர். கப்பல் வரத் தாமதமானால் அங்கே பலகையில் சாக்பீஸால் கட்டம் போட்டு செஸ் ஆடுவார்கள். அது ஹார்பர் செஸ். அதில் சிப்பாய்க்கு எப்போதும் ஒரே கட்டம்தான், முதல் அடியில் இரண்டு கட்டம் தாண்டுகிற சலுகை கிடையாது. ராஜாவும் யானையும் இடம் மாறிக்கொள்கிற காஸ்லிங் கிடையாது. அதற்குப் பதில், ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரையைப் போலத் தாவிக்கொள்ளலாம். 'தாவு' என்பார்கள். எப்போது தாவுவது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம். நைனா தாவுக்குப் பேர்போனவர். "பக்தா ராஜா எப்ப தாவும்னு அவன் பொண்டாட்டிக்கே தெரியாது மாமு" என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த ஆட்டத்தைத்தான் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் ஒரு மரக் காய் செட் இருந்தது. ஒரு யானை தொலைந்துபோய் அந்த இடத்தில் ஒரு இரும்பு நட்டு நிற்கும். ஏழெட்டு வயதிலேயே அவன் அந்த நட்டை வைத்து நைனாவை ஜெயித்தான்.

பிறகு பள்ளிக்கூடத்தில் சரியான விதிகளைக் கற்றுக்கொண்டான். காஸ்லிங், நேரக் கடிகாரம், தொட்ட காயை ஆடியே தீரவேண்டும் என்கிற சட்டம், எல்லாம். ஆனால் முதல் அடியை மட்டும் மாற்றவில்லை. வெள்ளைக் காய் வந்தால் ராஜாவுக்கு முன்னால் இருக்கிற சிப்பாயை ஒரு கட்டம் வைப்பான். அடுத்த அடியில் இன்னொரு கட்டம். ஒரே அடியில் போக வேண்டிய இடத்துக்கு இரண்டு அடி.

"ஏண்டா, ஒரு அடி வேஸ்டுடா" என்பேன்.

"வேஸ்ட் இல்லக்கா. எதிரி என்னைப் பாத்து சிரிப்பான். சிரிக்கிறவன் யோசிக்க மாட்டான். அவன் சிரிச்சிகினு இருக்கசொல்லோ நான் வேலைய முட்சிருவேன்."

தொண்ணூற்றொன்பதில் சென்னையில் ஒரு பெரிய போட்டி நடந்தது. அதில் முதல் சில இடங்களுக்குள் வந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு மனுப் போடலாம் என்று அவன் ஸ்கூல் பி.டி. சார் சொல்லியிருந்தார். நன்றாகத்தான் ஆடிக்கொண்டு வந்தான். கடைசி ஆட்டத்தை ஜெயித்தால் போதும் என்கிற நிலைமை. போனான். மத்தியானமே திரும்பி வந்தான். செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்தான்.

"இன்னாடா ஆச்சு?" என்றார் நைனா.

"தோத்துட்டேன்."

"எப்டி?"

"கை தானா போயிட்ச்சு நைனா."

எதிரில் ஆடியவன் யார் என்று நான் கேட்டதற்கு, "எவனோ கண்ணாடி போட்ட பையன்" என்றான். அன்றோடு காயைத் தொடவில்லை. எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் சேர்ந்தான். அடுத்த மழைக்காலத்தில் டேங்க் கழுவ உள்ளே இறக்கினார்கள். மூக்குக்கு ஒரு துணி கூடக் கொடுக்கவில்லை. அவனையும் இன்னொருவனையும் கயிறு கட்டித் தூக்கினார்கள். கம்பெனி ஆள் ஒருவன் மாலையோடு வந்தான். எங்கள் அம்மா தாயம்மா அந்த மாலையை வாங்கி, அவன் கண்ணெதிரே சாக்கடையில் போட்டாள்.

காரியம் முடிந்து நைனா ஹார்பருக்குப் போனபோது, கொஞ்சம் செஸ் புத்தகம் படித்த ஒருத்தன், பெயர் தேசப்பன், துக்கம் விசாரிக்க வந்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லை. "நீ ஒத்தக் கட்டம் கத்துக் குட்த்த பாரு பக்தா, அதான் புள்ளைய கவுத்திட்ச்சு. பெரிய போட்டில அதெல்லாம் செல்லாது. அந்த ஆட்டத்த கெலிச்சிருந்தா கவர்மெண்டு வேலைல குந்திகினு இருப்பான்" என்றிருக்கிறான்.

நைனா அதைப் பிடித்துக்கொண்டார். ஹார்பரில் கட்டம் போட்டால் எழுந்து போய்விடுகிறார். வீட்டுக்கு வந்தால் சுவரில் சாய்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்கிறார். எப்போதாவது, யாரும் கேட்காதபோது, "ஒத்தக் கட்டம்" என்பார். அம்மா, "ஆரம்பிச்சிட்டியா?" என்று கத்துவாள். மூன்று வருஷமாக இதுதான்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்த ஆட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். தம்பி தோற்றது அந்த ஒற்றைக் கட்டத்தால் இல்லை என்று நைனா முன்னால் போட்டுக் காட்ட வேண்டும். அண்ணாச்சி குப்பை என்று தூக்கச் சொல்லும் வரை அது என் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கலாம் என்று எனக்கே தோன்றவில்லை. படித்தவள் லட்சணம்.

பகலவன் என்று தேடினேன். இல்லை. நான் எதிர்பார்த்ததுதான். அதனால் தொடக்கத்தை வைத்துத் தேடினேன். ராஜா சிப்பாய் ஒரு கட்டம், எதிரில் கறுப்புச் சிப்பாய் இரண்டு கட்டம், வெள்ளை இன்னொரு கட்டம். தேடு என்றேன். ஆயிரக்கணக்கில் வந்து கொட்டியது. என்ன இது என்று பார்த்தால், என் தப்பு. நான் வைத்துக்காட்டியது நகர்த்தலை அல்ல, நிலையை. சிப்பாய் கடைசியில் எங்கே நிற்கிறது என்பதைத்தான் அது பார்த்தது. ஒரே அடியில் இரண்டு கட்டம் வந்து நிற்கிறவனும், இரண்டு அடி எடுத்து நடந்து வந்தவனும் அதற்கு ஒன்றுதான். உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தானே ஆரம்பிக்கிறார்கள்.

மறுபடி, முதல் அடியே ஒரு கட்டமாக இருக்க வேண்டும் என்று மாற்றினேன். இரண்டாவது அடியில் அதே சிப்பாய். ஊர் சென்னை. வருஷம் தொண்ணூற்றொன்பது. மின்விசிறி சுற்றியது. கீழே குடோனில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற சத்தம். கம்ப்யூட்டர் யோசித்தது.

ஒரே ஒரு ஆட்டம்.

வெள்ளை: என்.என். கறுப்பு: ஒரு பெயர். இப்போது அந்தப் பெயர் பேப்பரில் எல்லாம் வருகிறது, போட்டோவில் கண்ணாடி இருக்கிறது. முடிவு: கறுப்பு வெற்றி.

ஒவ்வொரு அடியாக நகர்த்திப் பார்த்தேன். நான்காவது அடியிலேயே தெரிந்துவிட்டது. வலது ஓரச் சிப்பாயைக் கிளப்பி, பின்னாலேயே யானையை வெளியே இழுக்கிறான். காஸ்லிங் இல்லாமலே பழகிய கை. அந்த யானை வீட்டில் நட்டாக இருந்தபோதும் இப்படித்தான் வரும். எதிரில் உட்கார்ந்து நூறு தடவை அடி வாங்கியவள் நான். அவனேதான். திரையில் அவன் கை அசைகிறது, ஆள் இல்லை. நான் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டேன்.

கறுப்பு சிரித்திருக்க வேண்டும். பத்தாவது அடி வரை அலட்சியமாக ஆடியிருக்கிறான். அப்புறம் மாட்டிக்கொண்டான். இருபதாவது அடியில் ஒரு குதிரையை இழந்தான். இருபத்தாறாவது அடியில் கறுப்பு ராணி எங்கோ மிரட்டி நிற்கிறது, அதோடு ஆட்டம் முடிந்துவிட்டது. வெள்ளை தோல்வி என்று போட்டிருக்கிறது. யார் நிலை நன்றாக இருக்கிறது என்று கம்ப்யூட்டரையே கேட்டேன். வெள்ளை என்றது. ஒரு சிப்பாயைத் தள்ளினால் போதும், வெள்ளை ஜெயிக்கும் என்றது. இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் அதையே சொன்னது.

ஜெயிக்கிற ஆட்டத்தை ஏண்டா விட்டுக்கொடுத்தாய்? பயந்துவிட்டாயா? அந்த ஹாலில் ஷூ போட்டவனையும் கோச்சோடு வந்தவனையும் பார்த்து எழுந்து வந்துவிட்டாயா? எனக்கு அவன் மேலேயே கோபம் வந்தது. செத்தவன் மேல் கோபப்படுவது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தும் வந்தது.

ஆனால் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஒற்றைக் கட்டம் தப்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா கருவாட்டுக் குழம்பை இறக்கிவிட்டு அடுப்பு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். நைனா சுவரில் சாய்ந்திருந்தார். பரணிலிருந்து பலகையை எடுத்துத் தூசி தட்டி அவர் முன்னால் வைத்தேன்.

"இன்னாமே இது? அத்த எத்துக்கு எட்த்தாந்த? உள்ள வை."

"தம்பி கடைசியா ஆடுன ஆட்டம் கிடைச்சிருக்கு நைனா."

அவர் என்னையே பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தார். "எங்க கீது?"

"கம்ப்யூட்டர்ல இருந்தது. போட்டுக் காட்டுறேன். ஒத்தக் கட்டத்தால தோக்கல. நீயே பாரு."

"தேசப்பன் சொன்னானே."

"தேசப்பன் மூஞ்சி. அவனுக்கு இன்னா தெரியும்?"

"வாய மூடிகினு பாரேன்யா, அது காட்டட்டும்" என்றாள் அம்மா அடுப்பங்கரையிலிருந்து.

காய்களை அடுக்கினேன். நட்டை அதன் இடத்தில் வைத்தேன். வெள்ளைச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினேன். நைனா கண்ணை மூடித் திறந்தார். அடுத்த கட்டம். எதிரியின் காய், நம் காய். கொஞ்ச நேரத்தில் அவர் சுவரை விட்டு முன்னால் வந்துவிட்டார். தொடைக்கு நடுவிலிருந்த கை வெளியே வந்து தரையில் ஊன்றியது.

"பாத்தியா, நட்ட இஸ்த்துகினு வரான். அது நான் சொல்லிக் குட்த்தது."

"ஆமா."

"எதிராளி பேமானி இன்னா பண்றான்? குதிரைய வுட்டுட்டான்! ஏ தாயம்மா, குதிரைய வாங்கிட்டான்டி உன் புள்ள!"

அம்மா எழுந்து வந்து, முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றாள். மூன்று வருஷத்தில் அந்த வீட்டில் அந்தக் குரலை நான் கேட்கவில்லை. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசி அடி வரை வந்தேன். கறுப்பு ராணியை அது நின்ற இடத்தில் வைத்தேன்.

"இதோட முடிஞ்சிது நைனா. இங்க தம்பிதான் மேல. கம்ப்யூட்டரே சொல்லுது. இவன் சும்மா எழுந்து வந்துட்டான் போல. ஒத்தக் கட்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவர் நான் சொன்னதைக் கேட்கவில்லை. பலகை மேல் குனிந்திருந்தார். உதடு அசைந்தது. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இளவயசில் அவரைப் பார்த்தவர்கள் அந்த முகத்தைத்தான் பார்த்திருப்பார்கள்.

"அட லூசுப் பையா, கெலிப்பு இங்க கீதே! ராஜா இன்னும் தாவவே இல்ல!"

கை சர்ரென்று போனது. ராஜாவைத் தூக்கி, குதிரையைப் போல, இரண்டு கட்டம் தள்ளி ஒரு கட்டம் மேலே வைத்தது. "அவ்ளோதான். ராணி மெரட்டல் புஸ்ஸு. அட்த்த அடில அவன் காலி. இத்த வுட்டுட்டு..."

விரல் இன்னும் ராஜாவின் தலையில் இருந்தது.

நான் பலகையைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். எனக்கும் அவருக்கும் அது ஒரே நேரத்தில் புரிந்தது என்று நினைக்கிறேன். ஹார்பர் செஸ்ஸில் அதுதான் ஜெயிக்கிற அடி. அந்த ஹாலில் அப்படி ஒரு அடியே கிடையாது. தொட்ட காயை ஆடியாக வேண்டும். ராஜாவைத் தொட்டாகிவிட்டது. விதிப்படி அது போகக்கூடிய கட்டங்களைப் பார்த்தேன். எங்கே போனாலும் கறுப்பு ராணி காத்திருந்தது. கம்ப்யூட்டர் பதிந்த ஆட்டம் இருபத்தாறில் நின்றதற்குக் காரணம், தம்பி தாவிய இருபத்தேழாவது அடியை எழுத அதற்கு வழியில்லை.

"கை தானா போயிட்ச்சு" என்றார் நைனா. தம்பி வாசலில் சொன்ன அதே மாதிரி. பிறகு விரலைச் சுட்டது போல எடுத்துக்கொண்டார்.

அம்மாவுக்கு செஸ் தெரியாது. ஆனாலும் தெரிந்துகொண்டாள். "இன்னாச்சு? ஏன் ரெண்டு பேரும் இப்டி கீறீங்க?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"நான்தான்" என்றார் நைனா.

"நீ இல்ல!" நான் கத்தினேன். "டேங்குக்குள்ள மூஞ்சிக்குத் துணி குடுக்காம எறக்குனானே அவன்! காண்ட்ராக்டுன்னு கையெழுத்து வாங்கிகினு மாலையோட வந்தானே அவன்! ராஜா இல்ல, சிப்பாய் இல்ல, நீ இல்ல. ஒரு ஆட்டத்துல தோத்தவன் எல்லாம் சாவுறானா? அந்தக் கண்ணாடிக்காரன் எத்தினி ஆட்டம் தோத்திருப்பான், அவன் எந்த டேங்குல எறங்குனான்?"

நான் சொன்னது அத்தனையும் உண்மை. இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அது அவர் காதுக்குப் போகவில்லை. அவர் ராஜாவை மெதுவாகப் பழைய இடத்தில் கொண்டுவந்து வைத்தார். சரியாகக் கட்டத்தின் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, கொஞ்சம் நகர்த்தினார். பிறகு இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

முன்னாலாவது தேசப்பன் சொன்னதாக ஒரு சந்தேகம் இருந்தது. சந்தேகத்தோடு சண்டை போடலாம். நான் போய்த் தேடி, சலித்து, பிரிண்ட் எடுத்து, அதை நிச்சயமாக்கிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

அம்மா தட்டை வைத்தாள். யாரும் சாப்பிடவில்லை. பலகையை எடுத்து வைக்கவும் யாருக்கும் கை வரவில்லை. சாயங்காலம் வரை அது அப்படியே கிடந்தது.

மறுநாள் வேலைக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது? அண்ணாச்சி படியில் பார்த்து, "குப்பையைத் தூக்கிட்டியா பிள்ளை?" என்றார்.

"பேர் இல்லாததைத்தானே தூக்கச் சொன்னீங்க?"

"ஆமா. பின்ன?"

"தூக்கிடுறேன்."

மேலே போய் அந்த ஆட்டத்தைத் திறந்தேன். என்.என். என்ற இரண்டு எழுத்தை அழித்தேன். பகலவன் என்று அடித்தேன். முன்னால் பி. சேர்த்தேன், நைனாவுக்காக. மற்ற என்.என்.களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். அவர்களுக்கும் எங்கேயோ ஒரு அக்கா இருப்பாள், பெயர் தெரிந்தவள். எனக்குத் தெரியாது. தூக்கினேன்.

பிறகு இருபத்தாறாவது அடிக்குப் போய், மவுஸால் வெள்ளை ராஜாவைப் பிடித்து, நைனா வைத்த அந்தக் கட்டத்துக்கு இழுத்து விட்டேன். ராஜா அங்கே ஒரு நொடி கூட நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்தது. மறுபடி இழுத்தேன். மறுபடி வந்தது.

ஸ்கூல் யூனிஃபார்மோடு மகிமா பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை. கையில் பப்ஸ்.

"அக்கா, என்ன பண்றீங்க? ராஜா அப்படிப் போகாதுக்கா."

"தெரியும்" என்றேன்.

இன்னொரு தடவை இழுத்தேன்.